வேண்டாம் என்று ஒரு காகிதம்

ஐந்தாம் சுற்று நேர்முகத்தில் அந்த அறையில் இருந்தவர்கள்: மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் மனிதவளத் துறை வினிதா மேடம். அவருக்கு வலப்பக்கம் பராமரிப்புப் பிரிவு மேலாளர் ராமதாஸ், நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு. சுவரில் மாட்டிய திரையில் தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர். கேமராவை அவர் போடவில்லை, வட்டத்துக்குள் ஒரு எழுத்து மட்டும் தெரிந்தது. மேசைக்கு இந்தப் பக்கம், ஏசி நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில், நான்.

என் பெயர் தீபன். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம். பொன்னேரியில் பள்ளிப்படிப்பு, பிறகு ஐ.டி.ஐ. ஃபிட்டர். மணலியில் ஒரு பட்டறையில், முதலாளி செத்து அதை மூடும்வரை, நாலு வருடம் வேலை பார்த்தேன்.

முந்தைய சுற்றுகளில் கேட்டதையே ராமதாஸ் சார் மறுபடி கேட்டார். பம்பு அதிர்ந்தால் முதலில் எதைப் பார்ப்பாய்? சொன்னேன். திரையில் இருந்தவர் இந்தியில் ஏதோ சொல்ல, வினிதா மேடம் சிரித்தார்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா, தீபன்?"

கேட்கத்தான் போயிருந்தேன். "மேடம், என்னை எடுக்கலன்னு ஒரு லெட்டர் குடுங்க."

ராமதாஸ் சாரின் நாற்காலி என் பக்கம் திரும்பியது.

எங்கள் ஊரில் ஆற்றில் இறால் பிடிப்பது முறை வைத்துத்தான். பாடு என்போம். உன் பாடு வரும் நாளில் நீ வலை போடலாம். மற்ற நாளில் இறங்கக் கூடாது. கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பாடு கிடையாது. மூன்றாம் சுற்று முடிந்ததும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான். வேற தொழில் செய்யலன்னு ஊர்ல எழுதி வாங்கிட்டு வாங்க." ஊர்க்கூட்டத்தில் என் பாட்டை விட்டுக்கொடுத்து எழுதி வாங்கினேன். அன்று என் மனைவி பவானி தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

அப்புறம் நாலாம் சுற்று. அப்புறம் ஒன்றுமில்லை. முடிவைக் கேட்டு மெயில் அனுப்பினால், விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று அந்த நொடியே பதில் வரும். போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து.

ஐப்பசி மழையில் ஆற்றுவாய் திறந்தால் இறால் ஏறும். அதற்கு முன் ஊரில் பாடு வரிசை போடுவார்கள். போட்டுவிட்டால் ஒரு வருடத்துக்கு மாற்றமில்லை. ஊர்த் தலைவர் தேசப்பனிடம் போய் நின்றேன். வேலையே வேண்டாம் என்று எழுதித் தருகிறேன், பாட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"நீ எழுதுவ நைனா. நாளிக்கி அவன் கூப்ட்டா ஓடிப்பூடுவ. அப்பால உன் எடத்துல யாரு எறங்கறதுன்னு ஊரு அட்ச்சிக்கணுமா? கம்பெனிக்காரன் எழுதட்டும், நீ வாணாம்னு. வேற இன்னா வேணா எழுதிக்கட்டும், அந்த ஒரு வார்த்த கீதான்னு பாப்பேன்."

"குடுக்க மாட்றாங்க மாமா."

"வேலையும் குடுக்க மாட்றான், வேலை இல்லன்னும் சொல்ல மாட்றான். இன்னாத்துக்குடா கம்பெனி வெச்சிகினு கீறான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடு வரிசை போடுவதற்குள் ஐந்தாம் சுற்றுக்கு அழைப்பு வந்தது.

இதையெல்லாம் முடிந்தவரை சுருக்கி அந்த அறையில் சொன்னேன். வினிதா மேடம் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்படி லெட்டர் குடுக்க பாலிசி இல்ல, தீபன். உங்கள ரிஜெக்ட் பண்ணவே இல்லையே. வேகன்சி வந்ததும் கூப்பிடப்போற லிஸ்ட்ல இருக்கீங்க."

"அப்ப இப்ப வேகன்சியே இல்லியா மேடம்?"

ராமதாஸ் சார் ஜன்னலைப் பார்த்தார். திரையில் அந்த வட்டம் மறைந்துபோயிருந்தது.

லிஃப்ட் வரை ராமதாஸ் சார் கூட வந்தார். "தம்பி, இங்கருந்து எழுத்துல 'வேணாம்'னு போறது ஒரே கேஸ்தான். சர்ட்டிபிகேட் போலின்னு தெரிஞ்சா அன்னிக்கே போகும். உனக்கு எதுக்கு அதெல்லாம்? வெயிட் பண்ணு." ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

ஐயா, நான் அளித்த அனுபவச் சான்றிதழ் போலியானது. அந்தப் பட்டறையில் நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை. சான்றிதழை நானே தயாரித்தேன். இதில் வேறு யாருக்கும் தொடர்பில்லை. தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பவானி தோளுக்கு மேலே நின்று படித்தாள்.

"இன்னாயா இது? நாலு வருசம் அங்க வெந்து செத்தியே, அது பொய்யா?"

"மெய்தான்."

"இந்தப் பக்கத்துல எல்லா கம்பெனிக்கும் ஒரே ஏஜென்சிதான செக் பண்றான்? இனிமே எந்த கேட்டுலயும் உன்ன வுட மாட்டான்."

"தெரியும்."

"பதிலு வந்தா அத்த கூட்டத்துல படிப்பாங்க. திருட்டு சர்ட்டிபிகேட்டுக்காரன் பொண்டாட்டின்னு என்னிய கூப்புடுவாங்க."

"ஆத்துல எறங்கலாம், பவானி."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, காகிதத்தை மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

"கையெழுத்து போடல பாரு," என்றாள்.

போட்டேன். மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். கோந்து இல்லை, பவானி சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்து, ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்தாள்.

தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மா உறையை எடை போட்டார். "போய்ச் சேந்ததுக்கு அட்டை வேணுமா?"

"வேணும்."

உறையின் மேல் பார்கோடு ஒட்டினார். திரும்பிப் பார்க்காமலே பின்னாலிருந்த சாக்கில் போட்டார்.