வட்டக் குழி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் தோண்டிய பழைய ஊர்களைப் படமெடுத்துப் புத்தகம் போடப்போவதாகத் தம்பி மகள் லோவீனா சொன்னபோது, அவள் கூப்பிடாமலே காரில் ஏறிக்கொண்டேன். எங்கள் ட்ரெலோர் குடும்பத்தைப் பற்றி அச்சில் வருவது சரியாக வர வேண்டும்.

மூன்று நாளில் ஒன்பது ஊர். இடிந்த வங்கி, பூட்டிய மதுக்கடை, கூரையில்லாத தேவாலயம். எங்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்காம் நாள் கார்வெல் மேட்டுக்கு வந்தோம். என் கொள்ளுத்தாத்தா டிகோரி இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்து, தன் கையால் தோண்டிப் பொன் கண்ட குழி அங்கேதான். அவர் பெயர்ப் பலகையை நட்டவன் நான். ஆனால் குழியை முட்புதர் மூடியிருந்தது. அதன் வாயை எங்களில் யாரும் பார்த்ததில்லை. போன கோடையில் காட்டுத்தீ புதரைத் தின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். குழி வட்டமாக இருந்தது.

கார்ன்வால்காரன் நாலு மூலை வைத்துத்தான் வெட்டுவான். வட்டமாக வெட்டுகிறவர்கள் சீனர்கள். மூலை இருந்தால் பேய் ஒண்டும் என்பார்கள். அந்த மேட்டில் பொன் தோண்டிய சீனர்களை வெள்ளைக்காரர்கள் அடித்துத் துரத்தியது ஊரறிந்த கதை. எங்கள் ஆட்கள் அதில் இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்வோம்.

"பெரியப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. குழியே தெரியல."

"நான் தெரியறேன்ல. எடு."

"கதவு மாதிரி மறைச்சுட்டு நிக்கிறீங்க."

"எடுன்னா எடு."

எடுத்தாள். அடுத்த ஊரில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி வாங்கித் தந்தாள், பாதியில் வைத்துவிட்டேன். அதற்கடுத்த ஊரில் நான் காரைவிட்டே இறங்கவில்லை, இருக்கையில் நெளிந்துகொண்டே இருந்தேன்.

"என்ன பெரியப்பா, சீட்டுல எறும்பா?"

"அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதப்போற?"

"'டிகோரி ட்ரெலோர் தோண்டியது.' நீங்க சொன்னதுதானே, தப்பா இருக்குமா?"

கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"வண்டியத் திருப்பு. குழியத் திரும்ப எடுக்கணும்."

"அறுபது கிலோமீட்டர் வந்தாச்சு. வெளிச்சம் போயிடும்."

"அது வட்டக் குழி, லோவீனா. சீனர் யாரோ வெட்டினது."

சாலையோரம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் மறைச்சீங்களா?"

"ஆமா."

ஒரு லாரி கடந்து போயிற்று.

"அப்ப கீழ என்ன போட?"

"தோண்டினவர் பேரு தெரியாது, ட்ரெலோர் இல்லன்னு போடு."

"அப்பா குதிப்பாரு."

"குதிக்கட்டும். அவன்கிட்ட நானே சொல்றேன்."

காரைத் திருப்பினாள். இன்னும் வேகமாகப் போ என்றேன்.