படகே இல்லாத ஊர்

சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிக்கிற ஆட்களில் என் வீட்டுக்காரரும் உண்டு என்று ஜப்பான்காரன் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தர்மலிங்கம் சொன்னபோது இவர் பதறவே இல்லை. "எங்க வாப்பாவோட வாப்பா குவாலா கெடாவுல வரி ஆபீசர்" என்றார். கல்யாணமான நாள் முதல் நான் கேட்டுச் சலித்த பெருமை அது. கறியில் உப்பு குறைந்தாலும் அந்த ஆபீசர்தான் சாட்சிக்கு வருவார்.

"சர்க்கார் குடும்பம்னா இங்கயே வேலை போட்டுக் குடுப்பாங்க கவுஸ் அண்ணே" என்றார் தர்மலிங்கம். "ஆனா அவரு வரி வாங்கினதக் கண்ணால பாத்தவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள ஜப்பான்காரன் முன்னால வந்து சொல்லணும்."

சாட்சி தேடிப் போகவும் இவருக்குக் கௌரவக் குறைச்சல். "ஆபீசர் பேரன் வீடு வீடாப் போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்? நீ போயிட்டு வா" என்றார். சயாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வருவதில்லை என்பது இவருக்கும் தெரியும். இருந்தும் பெருமையை விட முடியவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, அலோர் ஸ்டாரிலிருந்து குவாலா கெடாவுக்கு வெயிலில் நான்தான் நடந்தேன்.

"வரியா? நாங்க படகே வச்சதில்லம்மா" என்றார் அங்கே முதல் வீட்டிலிருந்த கிழவர் முகம்மது. அவர் முதுகுக்குப் பின்னால் தார் பூசிக் கவிழ்த்த படகு காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரி வலையை மடியில் வைத்துக்கொண்டே மீன் வாடையே எங்களுக்கு ஆகாது என்றாள். இன்னொருவர், "அந்த ஆபீசரா? நல்ல மனுஷன், தொப்பிதான் தைப்பாரு" என்று முடித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. வீட்டுக்கு வந்தால் இவர், "எல்லாரும் சலாம் சொன்னாங்களா?" என்று கேட்கிறார். கஞ்சிப் பானையை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

மறுநாள் நான் தலை காட்டியதுமே பெண்கள் காயப்போட்ட மீனை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜப்பான்காரன் புது வரி போட என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறான் என்று ஊரே நினைத்திருக்கிறது.

அதனால் கருவாடு விற்கும் கதீஜா மாமியிடம் வரி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களுக்காகப் பொருத்தம் கேட்பது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது, நம்மிடம் உள்ள வழக்கம்தானே. "கவுஸோட வாப்பாவுக்கு வாப்பா உங்களுக்கு ஏதும் அநியாயம் பண்ணியிருந்தா பொருத்துக்கங்க மாமி" என்றேன்.

"பொருத்துக்கறதா?" மாமி கருவாட்டைக் கீழே போட்டார். "எங்க வாப்பா படகை ஆத்துல மறிச்சு, வரி பாக்கின்னு பாய்மரத்துப் பாயை அவுத்துக்கிட்டுப் போனவன் அவன். மழைக்காலம் பூரா துடுப்புப் போட்டே வாப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு. நான் கரையில நின்னு பாத்தேன்."

சந்தோஷத்தில் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிச் சந்தோஷப்பட்டதற்குக் கூச்சமாகவும் இருந்தது. சயாம் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி, ஆபீசுக்கு வந்து இதையே சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

மாமி கீழே போட்ட கருவாட்டை எடுத்து மண்ணைத் தட்டினார். பிறகு, "அவன் செஞ்சதுக்கு இவன் ஏன் சாவணும். வரேன். சொல்லிட்டு அப்புறமாப் பொருத்துக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை கருவாட்டுக் கூடையோடு வந்து, சாபத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார். சாபங்களை விட்டுவிட்டு மற்றதைத் தர்மலிங்கம் ஜப்பானிய மொழியில் சொன்னார். அதிகாரி மேசையைத் தட்டிச் சிரித்தான். வெளியே காத்திருக்கச் சொல்லி மாமியை அனுப்பினார்கள்.

"சயாம் இல்ல அண்ணே" என்றார் தர்மலிங்கம். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "குவாலா கெடாவுல படகு வரி வாங்க ஆள் தேடிக்கிட்டிருந்தாங்களாம். பரம்பரை ஆளே கெடச்சுட்டாருன்னு சொல்றான். நாளைக்கே போகணும்."

வரி ஆபீசர் கையில் கட்டும் ஒரு துணிப்பட்டையைக் கொடுத்தார்கள். இவர் அதை அங்கேயே கட்டிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். உயிரோடு என் பக்கத்தில் நிற்கிறார் என்பதைத் தவிர வேறெதையும் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் மாமி கூடையோடு குந்தியிருந்தார். "என்னம்மா, விட்டுட்டாங்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இவர் வெளியே வந்து, "உங்களாலதான் மாமி" என்று குனிந்தார்.

மாமி அந்தப் பட்டையைப் பார்த்தார். கூடையை மெல்ல மறுபக்கம் இழுத்து, கருவாடு தெரியாதபடி முந்தானையால் மூடினார்.