வெள்ளிக்கிழமை இறக்கத்தில் நின்ற வண்டி

வண்டி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நின்றது. அதுவும் ஒரே இடத்தில்.

நோல்வியா வாரத்தில் மூன்று நாள் ஆட்டுப்பால் கட்டிகளை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து ஒவாயே சந்தைக்கு இறங்குவாள். திங்களன்று பழைய பிக்-அப் ஒழுங்காகப் போகும். புதனன்று ஏழாவது வளைவில் ஒரு இருமல் இருமிவிட்டுப் போகும். வெள்ளியன்று அதே வளைவில், எலாதியோவின் அனிமீத்தாவுக்கு நேர் எதிரே, இஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

எலாதியோ அவள் கணவன். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வளைவில்தான் காரோடு பள்ளத்தில் போனான். உயிர் பிரிந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு அனிமீத்தா என்று ஒரு சின்ன நினைவு வீடு கட்டி, உள்ளே அவன் படமும் பிளாஸ்டிக் பூக்களும் வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் அங்கே வேகம் குறைத்து இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போகும்.

பிக்-அப்பில் இருந்த இஞ்சினும் எலாதியோவுடையதுதான். கார் வாலை அடித்துக்கொண்டு விழுந்ததால் பின்பாதி நசுங்கிக் கிடந்தது. முன்பாதிக்குக் கீறல் இல்லை. எலாதியோவின் அப்பா அறுபத்தெட்டில் வாங்கிய பிக்-அப்பின் இஞ்சின் வெடித்துக் கிடந்த நேரம். மெக்கானிக் ஒனோஃப்ரே அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் காரின் இஞ்சினை உள்ளே உட்கார வைத்தான்.

"என் தம்பி நெஞ்சைப் பிடுங்கி இந்தத் தகரத்துக்குள்ள வெச்சிருக்க" என்று நோல்வியாவிடம் சொன்னாள் எலாதியோவின் அக்கா க்ளோரிந்தா. "அது எங்க நின்னுச்சோ அங்கதான் வந்து நிக்கும். கழட்டி அதே பள்ளத்துல போடு."

"அப்புறம் நாப்பது ஆட்டுப் பாலை நான் தலையிலயா தூக்கிட்டுப் போறது, மதினி?"

"அவன் உன்னைக் கூப்பிடுறான் புள்ள. போயிடாத."

அந்த வெள்ளிக்கிழமை காலை தாமிரச் சுரங்க லாரி ஒன்று, வளைவில் நின்றுபோன பிக்-அப்பின் பக்கக் கண்ணாடியை உரசிப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால் அவளுக்கும் ஒரு அனிமீத்தா கட்ட வேண்டியிருந்திருக்கும். இதைக் கேட்டதிலிருந்து ஒனோஃப்ரேவுக்கு வேறு வேலை ஓடவில்லை. இஞ்சினைப் பொருத்தியவை அவன் கைகள்.

பில்டரை மாற்றியாயிற்று, வயர்களைத் தொட்டுப் பார்த்தாயிற்று. சந்தை முடிந்து, பெட்ரோல்கூடப் போடாமல் அவள் நேரே பட்டறைக்கு வந்ததும், பெட்ரோலின் அழுத்தம் காட்டும் முள்மானி ஒன்றை முன் கண்ணாடியில் வெளிப்புறமாக ஒட்டிக்கொண்டு அவனே தனியாக மலையேறி இறங்கினான். முள் மூன்றில் நின்றது. ஏழாவது வளைவிலும் அசையவில்லை. இஞ்சின் பாட்டுக்கு ஓடியது. படத்திலிருந்த எலாதியோ அவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"உங்களை அவர் நிறுத்த மாட்டார்" என்றாள் பட்டறையில் காத்திருந்த நோல்வியா. "நீங்கதான் அல்லேலூயா ஆளாச்சே. அனிமீத்தாவைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க."

"செத்தவங்க வண்டி ஓட்ட மாட்டாங்க நோல்வியாம்மா. வாங்க, நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

மேலே போய்த் திரும்பி இறங்கினார்கள். வெயில் மலைமுகட்டில் மட்டும் மிச்சமிருந்தது. ஏழாவது வளைவு. அவள் காலை பிரேக்கில் வைத்தாள், இரண்டு ஹாரன் அடித்தாள். ஒனோஃப்ரேவின் கண் முன்னாலேயே முள் மூன்றிலிருந்து பூஜ்யத்துக்குச் சரிந்தது. இஞ்சின் அணைந்தது. அந்த அமைதியில் பிளாஸ்டிக் பூக்கள் காற்றில் சரசரத்தன. இரண்டு கை தூரத்தில், படத்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எலாதியோ சிரித்துக்கொண்டிருந்தான். ஒனோஃப்ரேவின் வாய் அவனைக் கேட்காமலே வேதாகமச் சங்கீதம் ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கியது.

"போதும் எலாதியோ, விட்டுடு" என்று சொல்லி அவள் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் உடனே பற்றிக்கொண்டது. "பாத்தீங்களா? சொன்னா கேப்பார்."

ஒனோஃப்ரே இன்னும் சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஆனால் பேய்க்கு முள்ளைத் தள்ளத் தெரியுமா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. எதுக்கு பிரேக் போட்டீங்க?"

"என்ன மேஸ்திரி கேள்வி இது? எல்லாரும் போடுவாங்க."

"நான் போடலியே!"

அவன் இறங்கி, பின்னால் கிடந்த காலி பால்கட்டித் தட்டு ஒன்றை எடுத்தான். பால் திரிந்து வடிந்த தெளிநீரைப் பக்கத்திலிருந்த வாளியிலிருந்து அதில் விரல் உயரத்துக்கு ஊற்றினான். தட்டின் பின்மூலையில் விரலை ஊன்றிக்கொண்டான்.

"இது உங்க டாங்கி. அகலம், தட்டை, உள்ள ஒரு தடுப்பும் கிடையாது. என் விரல்தான் பெட்ரோல் உறிஞ்சுற குழாய். இப்ப இறக்கம்." முன்பக்கமாகச் சாய்த்தான். விரல் நுனி மட்டும் நனைந்திருந்தது. "இப்ப பிரேக்." தட்டை முன்னால் நகர்த்தி வெடுக்கென்று நிறுத்தினான். நீர் மொத்தமும் முன்னால் ஓடியது. விரல் காய்ந்து நின்றது. "குழாய் காத்தைக் குடிக்குது."

"திங்கக்கிழமை மட்டும் குடிக்காதா?"

"பெட்ரோல் எந்தக் கிழமை போடுறீங்க?"

அவள் சற்று யோசித்தாள். "வெள்ளிக்கிழமை. சந்தை முடிஞ்சதும்."

"அப்ப திங்கக்கிழமை டாங்கி நெறைஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில அடியில கொஞ்சம்தான் கிடக்கும். வண்டி நின்னதும் பெட்ரோல் பழையபடி பின்னால வந்துடும், நீங்க சாவி போட்டதும் பிடிச்சுக்கும்."

"மாமா இதே டாங்கியோட நாப்பது வருஷம் ஓட்டினாரே? அவரும் அனிமீத்தாவுக்கெல்லாம் பிரேக் போட்டவர்தான்."

ஒனோஃப்ரே உற்சாகத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல. "அந்த இஞ்சின்ல கார்புரேட்டர். அதுக்குள்ள ஒரு சின்னக் கிண்ணம் எப்பவும் ரொம்பி இருக்கும். குழாய் காத்தைக் குடிச்சாலும் கிண்ணத்துல இருக்கறதை வெச்சு இஞ்சின் சமாளிச்சுக்கும். புது இஞ்சினுக்குக் கிண்ணம் இல்ல. அழுத்தம் கொடுத்துப் பீச்சணும். ஒரு மடக்கு காத்து போனாலும் அழுத்தம் விழுந்துடும், ஆள் அவுட்டு."

"அப்ப அவர் காரு மட்டும் எப்படி ஓடிச்சு?"

"அந்த டாங்கிக்குள்ளயே குவளை ஒண்ணு இருந்துச்சு, பம்பு அதுக்குள்ள பெட்ரோல்ல முங்கியே நின்னுச்சு. பின்பாதி நசுங்கினப்ப அதுவும் போச்சு. நான் இஞ்சினை மட்டும் கொண்டு வந்து, டாங்கிக்கு வெளியே அழுத்தப் பம்பு ஒண்ணை மாட்டிட்டேன். தப்பு என்னோடது."

நோல்வியா படத்தைப் பார்த்தபடி நின்றாள். "அப்ப அவர் இல்லையா?" என்றாள். தப்பித்தோம் என்ற தொனி அதில் இல்லை.

ஒனோஃப்ரே தட்டிலிருந்த நீரைச் சாலையோரம் ஊற்றினான். "நீங்க இங்க பிரேக் போடாம போனா நிக்காது" என்றான். "அதுதான் சுலபம்."

"அது முடியாது மேஸ்திரி. வண்டியை வேணா வித்துடறேன். அவர் முகத்தைப் பாக்காம இறங்க மாட்டேன்."

தன் சபைப் போதகர் கேட்டால் என்ன சொல்வார் என்று ஒனோஃப்ரே ஒரு கணம் நினைத்துக்கொண்டான். பிறகு பென்சிலை எடுத்து, தட்டின் அடியிலேயே ஒரு குவளையின் படம் போடத் தொடங்கினான்.

அடுத்த வெள்ளி காலை, அரைவிரல் பெட்ரோலோடு, க்ளோரிந்தாவை நடுவில் உட்கார வைத்து இறங்கினார்கள். ஏழாவது வளைவில் க்ளோரிந்தா கண்களை இறுக மூடிக்கொண்டாள். நோல்வியா வழக்கத்தைவிட அழுத்தியே பிரேக் பிடித்தாள், இரண்டு ஹாரன் அடித்தாள். முள் மூன்றிலேயே நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒனோஃப்ரே செய்தது இவ்வளவுதான். டாங்கிக்கும் அழுத்தப் பம்புக்கும் நடுவே ஒரு லிட்டர் கொள்ளும் நெட்டுக்குத்தான குவளையைப் பொருத்தினான். டாங்கியிலிருந்து குவளையை நிரப்ப அழுத்தம் குறைந்த சிறு பம்பு ஒன்றைச் சேர்த்தான். அழுத்தப் பம்பு குவளையின் அடியிலிருந்து மட்டும் இழுக்கும். இஞ்சின் எரிக்காமல் திருப்பி அனுப்பும் பெட்ரோல் குவளைக்கே வரும். மிஞ்சியதும், இடையில் புகுந்த காற்றும் குவளையின் தலையிலிருக்கும் குழாய் வழியாக டாங்கிக்குப் போய்விடும். நோல்வியா அந்த வளைவில் பிரேக் பிடிப்பது நான்கு விநாடி. டாங்கிக் குழாய் அத்தனை நேரமும் காற்றையே குடித்தாலும், குவளையில் இருப்பது குறைந்தது இரண்டு நிமிடத்துக்குத் தாங்கும்.