4417 சென்னைக்கு நடந்த நான்கு நாள்

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் சோதனை அறையில் ஓர் இயந்திரம் உண்டு. ஷூவின் முன்பகுதியை ஓர் இரும்புப் பிடி அழுத்திக்கொள்ளும்; குதிகாலை ஓர் இரும்புக் கை தூக்கித் தூக்கி இறக்கும். மனிதர் நடக்கும்போது அடிப்பாகம் எங்கே மடங்குமோ, சரியாக அங்கே மடங்கும். எத்தனை முறை மடங்கியது என்று பக்கத்திலேயே ஒரு மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கும்.

அது சென்னைக்குப் புறப்பட்டதற்குக் காரணம் ஹபீபின் வேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆறு பேரை வாரம் இரண்டு முறை வேலூருக்கு இலவசமாக அழைத்துப் போகும் வேன் அது. என்ஜின் உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக் சரிசெய்துவிட்டார், ஆனால் அறுபதாயிரத்தை வைத்தால்தான் சாவி. ஆறு பேரில் ஒருவர் சுப்பராயன், கம்பெனி கேன்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவர். வரும் செவ்வாய்க்கிழமை வாடகைக் காரில் போய்வந்தால் அதோடு அவர் கையிருப்பு தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை மறுபடி போயாக வேண்டும்.

தோல் வெட்டும் பிரிவு ஜெயசீலன் சென்னை வரை நடப்பதாக ஏற்பாடு. நூற்று எண்பத்தைந்து கிலோமீட்டர். இருபத்து மூன்று பேர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு முந்நூற்று நாற்பது ரூபாய்; முழுத் தூரத்துக்கு அறுபத்திரண்டாயிரத்துக்கு மேல் வரும். அந்த முந்நூற்று நாற்பதில் இருநூறு தோல் மண்டி நசீர் அகமதுவுடையது. சென்னை போய்ச் சேர்ந்தால்தான் தருவேன் என்பது அவர் நிபந்தனை.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஜெயசீலன் ஈரத்தோல் அடுக்கில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். சரக்கு ஏற்றும் வாரம்; வேறு யாருக்கும் லீவு கிடையாது. சோதனை அறைப் பொறுப்பாளர் பூர்ணிமா கையெழுத்துப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். அவசரத்தில் அதைச் சோதனைப் படிவத்திலேயே அச்சடித்திருந்தாள். நடப்பவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஜெயசீலன் போட்டுக்கொள்ளவிருந்த ஷூவின் எண் இருந்தது: 4417, வலது.

"அப்ப ஷூதான் நடக்கணும்," என்றார் நசீர் அகமது. "கையெழுத்துன்னா கையெழுத்துதான்."

கணக்கு எளிமையானது. இரண்டு அடிக்கு ஒரு முறைதான் வலது ஷூ மடங்கும். ஆக ஒரு மடிப்புக்கு ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். சென்னைக்கு 1,32,143 மடிப்பு. பூர்ணிமா வழக்கமான வேகத்தில் இயந்திரத்தை ஓடவிட்டாள். நசீர் அகமது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னாமா இது, மணிக்குப் பத்து கிலோமீட்டர் போவுது. நான் ஓடறதுக்கா காசு தரேன்னேன்?"

வேகத்தை நிமிடத்துக்கு அறுபதாகக் குறைத்தாள். இப்போது மணிக்கு ஐந்து கிலோமீட்டர். பாய் சொன்னபடி பதினொரு மணிக்கு டீக்கு நிறுத்தினார்கள்.

ஜெயசீலன் வீட்டிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்தார்.

"பூர்ணிமா, நான் இப்ப எங்க இருக்கேன்?"

"பள்ளிகொண்டா தாண்டிட்டீங்கண்ணே."

"அதான் பசிக்குது."

திங்கள் மாலை வேலூருக்குச் சற்று முன்னால் தங்கல். செவ்வாய் வாலாஜா தாண்டியாயிற்று. புதன் காஞ்சிபுரம் பிரியும் இடமும் கடந்தது. வியாழன் காலை சுப்பராயன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரை டம்ளர் டீதான் குடிக்கலாம் என்பது டாக்டர் உத்தரவு. அதையும் கையிலேயே வைத்திருந்தார். மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டபோது டக்கென்று ஒரு சத்தம்.

அடிப்பாகத்தில் பிளவு. நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஷூ தோற்றது என்று அர்த்தம், சோதனையை நிறுத்த வேண்டும். பூர்ணிமா அளந்தாள். ஒன்பது. நிறுத்தினாள்.

"ஷூ போச்சு பாய்."

"எங்க?"

"ஸ்ரீபெரும்புதூர் கிட்ட. இன்னும் நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கு."

யாரும் சுப்பராயனைப் பார்க்கவில்லை. அவரே பேசினார்.

"வழில ஷூ பிஞ்சா ஆளு திரும்பி வந்துடுவானா? கழட்டிப் போட்டுட்டு நடப்பான்."

"கழட்டிட்டா யாருய்யா நடக்குறது?" என்றார் நசீர் அகமது. "நான் கையெழுத்துப் போட்டது 4417க்கு."

"எங்க ரூம்ல நம்பர் ஷூவுக்கு இல்ல பாய், சீட்டுக்குதான்," என்றாள் பூர்ணிமா, இயந்திரத்தில் தொங்கிய அட்டையைக் காட்டி. "ஷூவைக் கழட்டி அளப்போம், திரும்ப மாட்டுவோம். சீட்டு இருக்குற வரைக்கும் டெஸ்ட் நடக்குதுன்னுதான் அர்த்தம்."

அவர் யோசித்தார். அவருடைய மண்டியிலும் தோல் கட்டை யாரும் நம்புவதில்லை, கட்டில் தொங்கும் சீட்டைத்தான் நம்புவார்கள்.

"ஹைவே தார் கொதிக்கும்," என்றார் கடைசியில்.

"மணி ஒம்பதரைதான் ஆவுது," என்றாள் பூர்ணிமா.

"ஓரமா போவச் சொல்லு."

பூர்ணிமா ஷூவைக் கழற்றினாள். பாரம் இல்லாததால் மோட்டார் வேகமெடுத்தது; திருகி மறுபடி அறுபதுக்குக் கொண்டுவந்தாள். இரும்புக் கை வெறும் காற்றைத் தூக்கி இறக்கத் தொடங்கியது. மீட்டர் எண்ணியது. போன் வந்தது.

"நான் எப்படிப் போறேன்?"

"வெறுங்கால்ல போறீங்கண்ணே."

"அதானே பார்த்தேன், கால் எரியுது."

ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் சுவரோரம் நின்றார்கள். யாரோ பூந்தமல்லியில் டிராபிக் ஜாஸ்தி என்றார்கள். ஏழு மணிக்குச் சற்று முன்னால் மீட்டர் 1,32,143 காட்டியது.

நசீர் அகமது இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "ஹபீப் கிட்ட சாவியக் கொடுத்துடு. பணம் இப்ப வரும்."

"வேன் காலைல அஞ்சு மணிக்கா?" என்று சுப்பராயன் கேட்டார்.

"அஞ்சுக்கு."

பூர்ணிமா ஸ்விட்சில் கை வைத்தாள்.

"இரும்மா," என்றார் நசீர் அகமது. "இவ்ளோ தூரம் நடந்தவங்கள டக்குனு நிறுத்தாத. மயக்கம் வரும்."

அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்து, வேகத் திருகை மெதுவாகக் குறைக்க ஆரம்பித்தாள். ஐம்பது, நாற்பது, இருபது.