முதல் பயணி

எங்கள் தொகுதியில் யாருக்கும் தெரியாத விஷயம் என்று ஒன்றுமே கிடையாது. எல்லாவற்றையும் மெம்பரே சொல்லிவிடுவார். சட்டமன்றத்தில் எத்தனை தடவை கொட்டாவி விட்டார் என்பது ஒன்றுதான் இன்னும் வரவில்லை. அதுவும் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் எல்லா வீட்டுப் போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். எடுத்தால், "வணக்கம், உங்கள் சட்டமன்ற உறுப்பினர் பேசுகிறேன்" என்று பதிவு செய்த குரல். நாம் பதிலுக்கு என்ன கத்தினாலும் அது பாட்டுக்குப் பேசும். மாதம் பிறந்தால் கதவிடுக்கில் வழவழ தாளில் 'தொகுதி மடல்' வந்து விழும். அதில் எத்தனை படம் இருக்கிறதோ அத்தனையிலும் அவர் இருப்பார். கையை நீட்டி எதையாவது காட்டிக்கொண்டிருப்பார்.

இவ்வளவு பொறுப்பாகச் சொல்கிற மனிதரைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் சொல்வேன். எனக்கு வயிறு எரிகிறது.

எனக்குத் தொழில் பியூட்டி பார்லர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு நீளக் கண்ணாடி, இரண்டு சுழல் நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்தார். இரும்பைக் கடைந்து கடைந்து கை இரும்பாகவே இருக்கும். அப்படிப்பட்ட ஆளுக்கு இரண்டு கிட்னியும் ஒன்றாகக் கைவிரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் எங்கள் தெருமுனையில் ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும் பஸ் ஒன்று இருந்தது. கூட்டமில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். நடுவில் மேம்பாலத்துப் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும். போகும்போது எப்படியோ போய்விடுவார். உடம்பு ரத்தம் மொத்தத்தையும் வெளியே எடுத்துச் சலித்து உள்ளே விட்ட பிறகு திரும்பி வருவதுதான் கொடுமை. பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் அங்கேயே வாந்தி எடுத்தார். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள். பார்லருக்கு ஆள் வந்த வாரம் டாக்சி, வராத வாரம் படிக்கட்டு என்று ஓட்டினோம்.

அதன் பிறகுதான் அவர் ஒரு புதுப் பேச்சை ஆரம்பித்தார்.

"இந்த வாரம் ரெண்டு தடவை போதும். உடம்பு நல்லாத்தான் இருக்கு."

நல்லா இருக்கிற உடம்பா அது? கால் வீங்கி, செருப்பு நுழையாமல் கிடந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஒரு தடவை விட்டா அது ஒரு தடவையோட போறதில்லம்மா. ஆளையே கொண்டுபோயிடும். எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க." என்னைப் பொறுத்தவரை அந்தப் பஸ்தான் அவர் உயிர். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் மெம்பரின் மக்கள் சந்திப்புக்குப் போனேன். பள்ளிக்கூட அரங்கம். அவருடைய உதவியாளன் ஒருத்தன் உண்டு. எந்நேரமும் கையில் மைக்கோடு திரிவதால் அவனுக்கு மைக் என்றே பெயர். அவன் நீட்டிய மைக்கில் எல்லாவற்றையும் கொட்டினேன். பொய் சொல்லக் கூடாது, மெம்பர் கேட்ட விதம் இருக்கிறதே, பெற்ற அப்பன்கூட அப்படிக் கேட்டதில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அழாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் மாதிரி. பஸ் வரும். நான் சொல்றேன், வரும்."

நான் உருகிப் போனேன். வீடு வரைக்கும் அவரை வாழ்த்திக்கொண்டே வந்தேன்.

சொன்னபடியே மைக்கிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வெள்ளிக்கிழமை பஸ் வருது. ஐயா கொடியசைக்கிறாரு. முதல் பயணி உங்க வீட்டுக்காரர்தான். மடல்ல அட்டைப் படமே அதுதான்."

"ரொம்ப சந்தோஷம் தம்பி."

"ஒண்ணே ஒண்ணு அக்கா. கொஞ்சம் பளிச்சுன்னு கூட்டிட்டு வாங்க. போன மாசம் ஒரு அம்மா இருமிக்கிட்டே நின்னாங்க, படம் ஒண்ணுமே தேறல. பாக்குறவங்களுக்கு நம்பிக்கை வரணும்ல?"

பளிச்சென்று ஆக்குவதுதானே என் பிழைப்பு! ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு முகம் எழுதியவள் நான். அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துண்டைக் கட்டினேன். சாம்பல் பூத்த முகம். அதன் மேல் அப்படியே பூசினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். முதலில் ஆரஞ்சு நிறக் கிரீமைத் தொட்டுக் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை அமுக்கினேன். அதற்கு மேல் அவருடைய பழைய நிறத்தில் ஃபவுண்டேஷன். பழைய நிறம் எனக்கு மறக்குமா? கன்னத்தில் கொஞ்சம் செம்மை, வெடித்த உதட்டுக்கு வெண்ணெய் மாதிரி ஒன்று. ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்த கைக்கு முழுக்கைச் சட்டை.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட எனக்கு யாரும் இவ்ளோ பூசல," என்றார்.

"அப்ப நான் பார்லர் வைக்கலையே. வெச்சிருந்தா அன்னைக்கே உங்களைத் தேத்தியிருப்பேன்."

சிரித்தார். நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். கண்ணாடியில் என் பழைய புருஷன் உட்கார்ந்திருந்தார். பட்டறையிலிருந்து எண்ணெய் நாற்றத்தோடு வந்து சோற்றுத் தட்டைக் கேட்கிற ஆள். மூக்கை உறிஞ்சினேன். பவுடர் மூக்கில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. புது வண்டி போலக் கழுவி வைத்திருந்தார்கள். மெம்பர் கொடியசைத்துவிட்டு உள்ளே ஏறி, ஜன்னல் ஓரத்தில் இருந்த இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டார். "அண்ணே, சிரிங்க," என்றார். இவருக்கு வாயெல்லாம் பல். அடுத்த நிறுத்தம் வரை மெம்பர் கூட வந்து இறங்கிக்கொண்டார். பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து வரும்போது இவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தார். நானும் தூங்கினேன். அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

அடுத்த வாரமும் ஓடியது. அந்த வாரக் கடைசியில் மடல் வந்தது. அட்டை முழுக்க இவர் முகமும், தோளில் கை போட்ட மெம்பரும். 'நேரடிப் பேருந்து: நோயாளிகள் மகிழ்ச்சி!' அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, சினிமாக்காரர் மாதிரி இருக்கிறார் என்று கண் வைத்தார்கள். கண் வைத்ததோ என்னவோ, திங்கட்கிழமை பஸ் வரவில்லை.

தாமதமாக இருக்கும் என்று நின்றோம். புதன்கிழமையும் நின்றோம். பிறகு நான் டிப்போவுக்கே போனேன். அங்கே நேரம் பார்க்கிற ஆள் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"அது ஸ்பெஷல் பர்மிஷன்மா. மடல் வர்ற வரைக்கும்தான் வண்டி கேட்டாங்க. மடல் வந்தாச்சுல்ல?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. மைக்குக்குப் போன் போட்டேன்.

"பஸ் ஓடுதே அக்கா," என்றான்.

"எங்கடா தம்பி ஓடுது? நான் தெருமுனையிலதான் நிக்கிறேன்."

"இல்லக்கா, எங்க கணக்குல அது முடிஞ்ச வேலை. முடிஞ்ச வேலைக்கு மறுபடி புகார் எடுக்க முடியாது. அதுவுமில்லாம படமே வந்துடுச்சு. நீங்களே போட்டோவுக்கு நின்னுட்டு இப்ப இல்லைன்னா எப்படி?"

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் எல்லா வீட்டிலும் அடித்து, ஆஸ்பத்திரி பஸ் ஓடும் நல்ல செய்தியைச் சொன்னது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் முனையில் காத்து நின்றாள். வராத பஸ்ஸுக்கு என்னிடம் வந்து நேரம் கேட்டாள். நான் என்னத்தைச் சொல்வேன்!

மறுபடியும் படிக்கட்டு. மறுபடியும் "ரெண்டு தடவை போதும்." சில வாரம் அது ஒன்றாகக்கூட ஆனது. நான் சண்டை போடுவேன், கெஞ்சுவேன், ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தேன். முகம் ஊதிவிட்டது. கண் இடுங்கிப்போனது. பல் தேய்க்க நின்றால்கூட மூச்சு வாங்கியது.

அடுத்த மக்கள் சந்திப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் மட்டும் போனால் பூசி மெழுகி அனுப்பிவிடுவார்கள், ஆளைப் பார்த்தால் பேச முடியாதல்லவா? அப்படித்தான் நினைத்தேன். ஒரு பொட்டுப் பவுடர்கூடப் போடவில்லை. உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்றே கூட்டிப் போனேன்.

அதே அரங்கம். எங்கள் முறை வந்ததும் மெம்பர் அதே மாதிரி மேடையை விட்டு இறங்கி வந்தார். இவர் கையை அதே மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். கண்கூடக் கலங்கியது.

"சொல்லுங்க பெரியவரே. உடம்புக்கு என்ன?"

இவருக்கு மூச்சு வாங்கியது. "கிட்னிங்க. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்..."

மெம்பர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, உங்களுக்கு விஷயமே தெரியாதா? நம்ம மக்களுக்கு எல்லாம் தெரியணும்னுதானே நான் இவ்ளோ பாடுபடறேன்!" பின்னால் கை நீட்டினார். மைக் ஒரு மடலை எடுத்து அவர் கையில் வைத்தான். அட்டையை இவர் கண் முன்னால் பிடித்து, ஜன்னல் ஓரத்து முகத்தின் மேல் விரலை வைத்தார்.

"பாருங்க. இவரும் உங்களை மாதிரி கிட்னி பேஷண்ட்தான். எவ்ளோ தெம்பா இருக்காரு பாருங்க! நம்ம பஸ்லதான் போயிட்டு வர்றாரு. நீங்களும் மனசை விட்டுடாம இவரை மாதிரி தைரியமா போங்க."

இவர் மடலை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆள் நல்லா இருக்காருங்க," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவர்தாங்க அது! உங்க பக்கத்துல உக்காந்த ஆள் இவர்தான்! நான்தான் மேக்கப் போட்டேன். இந்தத் தம்பிதான் பளிச்சுன்னு கூட்டிட்டு வரச் சொன்னான். கேளுங்க அவனை!" கத்திக்கொண்டே இருந்தேன். என் குரல் மட்டும் அரங்கத்தில் கேட்கவில்லை. அந்தத் தம்பி மைக்கை அணைத்துவிட்டான். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது போல. மேக்கப் என்றதும் அங்கே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மெம்பர் படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. நடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். என் தலையில் கை வைத்து, "வீட்டுல உடம்பு சரியில்லைன்னா மனசு இப்படித்தான் குழம்பும். இவங்களுக்குத் தண்ணி குடுங்கப்பா," என்றார். அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். மைக் மட்டும் போகிறபோது திரும்பி ஒரு தடவை பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்து டாக்சிக்கு நின்றோம். மடல் இன்னும் இவர் கையில்தான் இருந்தது. பிடுங்கிக் கிழிக்கப் போனேன். தரவில்லை.

"விடு. பஸ்ஸு இந்த ஆளுக்குத்தான் விட்டிருக்காங்க. இவரு போயிட்டு வரட்டும்."

"என்ன பேச்சு இது?"

"எனக்கு வேண்டாம்னு சொல்றேன். அசந்து போச்சு."

மறுநாள் டயாலிசிஸ் நாள். பார்லரைத் திறக்கவில்லை. இருந்த மோதிரத்தை அடகு வைத்து டாக்சிக்கு ஏற்பாடு செய்திருந்தேன். வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவரை எழுப்பினேன். எழுந்திருங்க, வண்டி நிக்குது என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எத்தனை கூப்பிட்டும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டாக்சிக்காரர் போய்விட்டார்.