நாலு பேட்டரிக் கட்டைகள்

செத்துக் கிடந்த அப்பாவின் இடுப்பு வேட்டிக்குள் அவருடைய பழைய குடிக்கூட்டாளி பால்பாண்டி குவார்ட்டர் பாட்டிலைச் செருகிக்கொண்டிருந்ததைக் கனகலட்சுமி பார்த்துவிட்டாள். நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தியாயிற்று; தூக்க வேண்டியதுதான் பாக்கி.

“என்ன மாமா அது?”

“ஒங்கப்பனுக்குப் பிடிச்சது தாயி. வெறுங்கையோடவா அனுப்புறது?”

“அப்பா அதைத் தொட்டு ஆறு வருசம் ஆச்சு.”

“தொடலேன்னா ஆசை இல்லாமப் போயிருமா? அதுக்கு முன்ன எம்புட்டுக் குடிச்சான், எனக்குல்ல தெரியும்.”

சுற்றி நின்ற ஆண்கள் தலையாட்டினார்கள். செத்தவருக்குப் பிடித்ததைப் பாடையில் வைத்து அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம்தான். வெற்றிலைப் பெட்டி வைப்பார்கள், சுருட்டு வைப்பார்கள். வைக்கட்டும். ஆனால் அப்பா கருத்தக்கண்ணன் தன் ஆயுளில் மார்தட்டிக்கொள்ளும்படி செய்த ஒரே காரியம் குடியை விட்டது. அதைப் போய் ஒரு நிமிடத்தில் இல்லை என்று ஆக்குகிறார்களே, என்ன மனுசர்கள் இவர்கள் என்று கனகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் குடித்துவிட்டு லாரியை அலங்காநல்லூர் ரோட்டுப் புளியமரத்தில் மோதி, வேலை போய் வீட்டில் உட்கார்ந்தது தொண்ணூற்றைந்தில். அதற்குச் சில மாதம் முன்புதான் அவளுக்கென்று டவுனில் ஒரு பழைய வீடியோ கேம் வாங்கி வந்திருந்தார். உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே எறும்பளவு ஆள் ஒருவன். ஏணி ஏறி, கல்லைத் தள்ளி, சாவியை எடுத்து, கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும். கல்லைத் தப்பாகத் தள்ளிவிட்டால் அவன் சாகமாட்டான், மாட்டிக்கொண்டு நிற்பான். பொத்தானை அழுத்தி அந்த அறையை முதலிலிருந்து தொடங்கலாம். கனகத்துக்கு இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. வேலை போனபின் பரணில் கிடந்ததை அப்பா எடுத்தார்.

அன்றிலிருந்து மத்தியானமானால் நாலு பேட்டரிக் கட்டைகளையும் கழற்றி, சக்தி கொஞ்சம் ஏறுமென்று காம்பவுண்டுச் சுவர்மேல் வெயிலில் வைப்பார். “வடகமா, காயப் போடுறதுக்கு?” என்று அம்மா சோலையம்மாள் கேலி செய்வாள். ஆறு மணிக்குச் சரியாக டியூப்லைட்டுக்கு நேர்கீழே உட்காருவார். அந்தப் பெட்டிக்குத் தன் வெளிச்சம் கிடையாது. அதே ஆறு மணிக்குத்தான் குடிக்கக் கூப்பிட்டுப் பால்பாண்டி வாசலில் சைக்கிள் மணி அடிப்பார்.

“இந்தா மாப்ள, இந்த ரூமை முடிச்சுட்டு வாரேன்.”

முடிக்கும்போது மணி ஒன்பதரை ஆகியிருக்கும், பால்பாண்டி போயிருப்பார். எண்பது அறைகள். முடித்துவிட்டு மறுநாள் முதல் அறையிலிருந்து தொடங்குவார். ‘எல்லாம் தெரிஞ்சதுதானப்பா, சலிக்கலையா?’ என்று ஒருமுறை கேட்டாள். ‘தெரிஞ்சும் நேத்து நாப்பத்தொண்ணுல மாட்டிக்கிட்டேன்ல’ என்று சிரித்தார். ஆறு வருடமும் இதுதான்.

கனகம் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். பெரியப்பா விருமாண்டி குறுக்கே கை நீட்டினார்.

“ஏத்தா, இந்தக் கருமத்தையா வைக்கப் போற? இதை நோண்டி நோண்டித்தான் அவன் நெஞ்சே போச்சு. ஊரே சிரிக்கும்.”

“இதனால போகல பெரியப்பா. ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னு துடிக்கிறாரு, வேனை எடுங்கன்னு ஒங்க கதவத் தட்டுனேன். விடியட்டும்னு சொன்னீக. விடியிறதுக்குள்ள போயிட்டாரு.”

சங்கு ஊதுகிறவர் சங்கை இறக்கிக்கொண்டார். விருமாண்டி தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

“பேட்டரி தீயில வெடிக்கும்” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“பிராந்தி மட்டும் எரியாதாக்கும்?”

பெட்டியின் முதுகைத் திறந்து நாலு கட்டைகளையும் கழற்றி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு குனிந்து வேட்டிக்குள்ளிருந்து பாட்டிலை உருவினாள். வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். காலிப் பாட்டிலைப் பால்பாண்டியிடமே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“பொட்டப்புள்ளைக்கு இம்புட்டு ஆங்காரம் ஆகாது” என்றார் விருமாண்டி.

விடிந்ததிலிருந்து வாய் திறக்காத சோலையம்மாள் நிமிர்ந்தாள்.

“அவ சாமான அவ அப்பனுக்குக் குடுக்குறா. தள்ளி நில்லுங்க.”

பெட்டியை அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்தாள் கனகம். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் அது சரியாக உட்கார்ந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தைத் துவட்டாமல் கனகம் வாசலுக்கு வந்தபோது மணி நாலு இருக்கும். காம்பவுண்டுச் சுவர்மேல் நாலு பேட்டரிக் கட்டைகளும் வரிசையாக இருந்தன. எதிர்வீட்டு மாடியின் நிழல் அவற்றின்மேல் ஏறத் தொடங்கியிருந்தது.

ஈரச்சேலையோடு அம்மா வெளியே வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. கட்டைகளை ஒவ்வொன்றாக வெயில் இருந்த பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.