மெயினை இறக்கி ஒரு ஜெபம்

ஐசக் வீட்டில் எந்தப் பொருளும் ஜெபம் வாங்காமல் வேலைக்குப் போனதில்லை. மிக்சி, கேஸ் அடுப்பு, மகன் ஆல்வினின் பைக் எல்லாம் அவர் கை வைத்து ஒப்புக்கொடுத்த பிறகுதான் ஓடின. கொசு அடிக்கிற பேட்கூட ஆமென் கேட்ட பிறகுதான் முதல் கொசுவைத் தொட்டது. காவாந்தண்டலம் சபைக் கமிட்டிச் செயலாளர் அவர். சபையில் மைக் கிடைப்பது வருஷத்துக்கு இரண்டொரு தரம்தான். மிச்சப் பேச்சை எல்லாம் வீட்டில்தான் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

ஜெபம் என்றால் சத்தம் கூடாது. முதலில் டிவியை நிறுத்துவார். அப்புறம் ஃபேன். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் நிறுத்துவார். இப்படி ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தால் ஜெப சிந்தை ஆறிப்போகிறதாம். ஆகவே கொஞ்ச நாளாக நேராக மெயினையே இறக்கிவிடுகிறார். "நான் எலக்ட்ரிகல் லைன்ல இருந்தவன்" என்பார். ஒரு வயரிங் காண்ட்ராக்டரிடம் சில காலம் ஏணி பிடித்தவர் என்பதைத்தான் அப்படிச் சொல்வார்.

மருமகள் பிரிஸ்கில்லாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அந்தச் சனிக்கிழமை, டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியை வாங்கி வந்தாள். காரணம், சாயங்காலம்.

ஆல்வினுக்கு ஒரகடத்தில் வேலை. கம்பெனி பஸ் உத்திரமேரூர் ஸ்டாண்டில் இறக்கிவிடும். அங்கிருந்து பைக்கில் வீடு. நடுவில் ஒயின்ஷாப் ஒன்று. அதன் வாசலில் முத்துவேல் என்று சிநேகிதன் ஒருவன். ஒரு நாள் ராத்திரி திருப்புலிவனம் வளைவில் ஆல்வின் பைக்கோடு வயலில் இறங்கி, முன்பல் பாதியை நாற்றுக்கு உரமாகக் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் காலையில் அவனாகவே பெண்டாட்டியிடம் சொன்னான்: "நான் கெட்டவன் இல்ல பிரிசு. ஆறு மணிக்கு மேல கைக்கு வேல இல்லன்னா, கால் தானா நடக்குது."

அதற்குப் பிறகு அவன் குடியைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பைக் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பேச்சுவாக்கில் பழைய கதை ஒன்றைச் சொன்னான். "முத்துவேல் வூட்ல ஒருவாட்டி கிரிக்கெட் கேம் ஆடுனேன். ஊத்தி வச்ச கிளாஸ் அப்படியே கீது. ஈ வுயுந்து செத்துக்கூட போச்சு, நான் பாக்கவே இல்ல."

பிரிஸ்கில்லா அந்த ஈயைப் பிடித்துக்கொண்டாள். போன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்து போட்ட சீட்டை எடுத்தாள்.

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. அன்று முத்துவேல் புது பைக் வாங்கியதற்கு ட்ரீட். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஆல்வின் சொல்லிவிட்டுப் போனான்: "பெட்டி ரெடியா இருந்தா நேரா வூட்டுக்கு வந்துடறேன். இல்லன்னா சும்மா தலைய காட்டிட்டு வரேன்."

தலையைக் காட்டப் போனவனை உடம்போடு தூக்கிக்கொண்டு வந்த நாட்களை அவள் பார்த்திருக்கிறாள்.

கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் தௌசீப் சென்னையிலிருந்து பெட்டியை வரவழைத்திருந்தான். கிரிக்கெட் டிஸ்க் ஒன்றையும் மேலே வைத்துக் கட்டிக் கொடுத்தான்.

"அக்கா, போட்ட உடனே அப்டேட் கேக்கும். முதல்ல நெட்ல எறங்கும். அப்பறம் உள்ள ஏறும். உள்ள ஏறும்போது மட்டும் கரண்ட் போவக்கூடாது. போச்சு, செம பேஜாரு."

"எங்க ஊர் கரண்ட நம்பி எப்படி தௌசீப்?"

"மெயின்டனன்ஸ் கட்டு நேத்தே முடிஞ்சிட்ச்சுக்கா. தைரியமா போ."

பயப்பட வேண்டியது மின்வாரியத்துக்கு மட்டும்தான் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

மத்தியானம் பெட்டி டிவிக்குக் கீழே உட்கார்ந்தது. ஒயரைச் செருகினாள். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, துணிப்பையில் வைத்து, ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டாள். திரையில் கோடு ஒன்று வந்து எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது.

ஐசக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னாம்மா, ஜெபம் பண்ணாமலே ஆன் பண்ணிட்ட?"

"இது இன்னும் ஆன் ஆவல மாமா. ரெடி ஆயிக்கினு கீது. அவரு வந்ததும் எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணலாம்."

"ஸ்டெபிலைசர் வைக்காம இந்த மாதிரி ஐட்டத்த போடவே கூடாது. நான் அந்த லைன்ல..."

"ஏணி புடிச்ச" என்றாள் மாமியார் மேரி, அடுக்களையிலிருந்து தலையை நீட்டாமலே.

அப்போது ஜன்னலில் பை அலறியது. மேரியின் தங்கை, தென்னேரியிலிருந்து. மேரி எடுத்துப் பேசினாள். தங்கை வீட்டு ஆடு குட்டி போட்ட விவரம் முடிகிறவரை திரையில் எறும்பு நின்றுபோனது. போன் பேசினால் நெட் போய்விடும் என்பதை வீட்டார் எல்லோரும் அன்று கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஐசக்கைத் தேடிக் கமிட்டித் தலைவரே அந்தப் போனில் கூப்பிட்டபோதும், மனசு துடிக்க, அவர் எடுக்கவில்லை. அதைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

வெயில் சாய்ந்தபோது இறங்க வேண்டியது இறங்கி முடிந்தது. இனி உள்ளே ஏற வேண்டும். மின்சாரத்தை நிறுத்தாதே என்று திரை இங்கிலீஷில் சொன்னது. பிரிஸ்கில்லா அதைத் தமிழில் இரண்டு தரம் சொன்னாள். ஐசக் கண்ணை மூடித் தலையாட்டினார். கண்ணை மூடியது கவனத்துக்காக என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. ஆல்வின். இனி நெட் வேண்டியதில்லை என்ற தைரியத்தில் போனை எடுத்துக்கொண்டு, தெளிவாகக் கேட்கத் தண்ணி டேங்க் வரைக்கும் நடந்தாள்.

"பஸ்ஸ வுட்டு எறங்கிட்டேன். ரெடியா?"

"முக்காவாசி ஏறிட்ச்சு. நீ வர்றதுக்குள்ள ஓடும்."

எதிர்ப்பக்கம் பைக் ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டது. முத்துவேலின் புது பைக்காக இருக்க வேண்டும்.

"நெசமா ரெடியா? சொல்லு, இவன் நின்னுக்கினு கீறான்."

"ரெடிதான். வா நீ."

திரும்பி வரும்போது தெருவிலிருந்தே ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. படியில் கால் வைத்தபோதுதான் பிடிபட்டது. ஃபேன் சத்தம் இல்லை.

உள்ளே ஐசக் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்து நின்றார். "...அப்பா பிதாவே, இந்தப் பெட்டிய உண்டாக்கின ஜப்பான் தேசத்து சகோதரர்களுக்காக ஸ்தோத்திரம். அத ஏத்திக்கினு வந்த லாரி டிரைவருக்காக ஸ்தோத்திரம். மாவட்ட அதிகாரிகளுக்காகவும்..."

ஜெபத்தில் குறுக்கே புகுவது அந்த வீட்டில் கொலைக்கு அடுத்த பாவம். பிரிஸ்கில்லா மாவட்ட அதிகாரிகளைத் தாண்டி ஓடி மெயினைத் தூக்கிவிட்டாள். ஃபேன் சுற்றியது. ஃப்ரிட்ஜ் உறுமியது. ஐசக் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

திரையில் கறுப்பு. அதன் நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி.

"இன்னா எழுதிக்கீது?" என்றாள் மேரி.

"உள்ள ஒன்னும் இல்லயாம் அத்த. புதுசா எதுலனா கொண்டாந்து ஏத்த சொல்து."

"கம்பெனி ஃபால்ட்டு" என்றார் ஐசக். "பாத்தாலே தெரியுது."

"நீ மெயின எறக்குனத நான் பாத்தேன்யா" என்றாள் மேரி.

"நான் தேவனுக்காக எறக்குனேன்!"

"அவரு கேட்டாரா?"

பிரிஸ்கில்லாதான் ஆல்வினை ரெடி என்று சொல்லி வரவழைத்திருக்கிறாள். ரெடி இல்லை என்றால், காலையில் சொன்ன சொல்படியே அவன் ட்ரீட்டுக்குத் திரும்பிப் போகலாம். அவளே எழுதிக் கொடுத்த அனுமதி மாதிரி ஆகிவிட்டது.

பைக் வந்து நின்றது. ஆல்வின் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான், உடைந்த பல் தெரிய. திரையைப் பார்த்தான். அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். கேள்வி கேட்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

"ஜெபமா நைனா?"

ஐசக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஆல்வின் உட்காரவில்லை; சிக்னல் எட்டும் வாசற்படிக்கே திரும்பினான். சாவி விரலில் சுற்ற ஆரம்பித்தது. போன் அடித்தது. முத்துவேலின் குரல் போனுக்குள் அடங்கும் குரல் இல்லை, தெருவுக்கே கேட்டது. "மச்சான், எங்கடா கீற? பிரியாணி வந்துட்ச்சு. மத்ததும் வந்துட்ச்சு."

"இருடா, சொல்றேன்."

வரவில்லை என்று அவன் சொல்லவில்லை. பிரிஸ்கில்லாவுக்கு அது போதும். அவன் கையிலிருந்த போனையே வாங்கித் தௌசீப்பைக் கூப்பிட்டாள்.

"அட, ஏறும்போதே புடுங்கிட்டீங்களா! பொட்டி சாவலக்கா, மயக்கம்தான். பென்டிரைவ் ஒன்னு எடுத்துக்கினு வாங்க, நான் ஃபைல் போட்டுத் தரேன். ஆனா அதுல கீறது எல்லாத்தயும் அழிச்சிட்டுத்தான் போடணும். சீக்கிரம், கடைய சாத்தப் போறேன்."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு பென்டிரைவ். அலமாரி மேல் ஸ்பீக்கரில் நிரந்தரமாகச் செருகியிருந்தது. அதில் இருந்தது முழுக்க ஐசக்கின் குரல். சபையில் அவருக்கு மைக் கிடைத்த ஒவ்வொரு தரமும் பதிவு செய்து, விருந்தாளிகளுக்குக் காப்பியோடு பரிமாறி வந்தது. வேறு பிரதி கிடையாது. வேண்டும் என்று யாரும் கேட்டதும் கிடையாது.

எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பிறகு யாரும் ஐசக்கைப் பார்க்காமல் இருந்தார்கள்.

ஐசக் எழுந்தார். ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கி, வேட்டித் தலைப்பில் ஒரு தரம் துடைத்து, மகன் கையில் வைத்தார். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. மேரி பயந்துபோய், "உடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றாள்.

"நான் போய்ட்டு வரேன்" என்றான் ஆல்வின்.

தௌசீப் கடைக்கும் ஒயின்ஷாப்புக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பஞ்சர் கடை. பிரிஸ்கில்லா செருப்பை மாட்டினாள். "நானும்..." என்று வாயெடுத்தவள் நிறுத்தினாள். காவலோடு போனவன் நாளைக்குக் காவல் இல்லாமல் போவான். "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள்.

பைக் சத்தம் தேய்ந்தது.

காத்திருப்பதற்கு அந்த வீட்டில் எப்போதும் ஜெபம்தான் வழி. அன்று யாரும் கண்ணை மூடவில்லை. மேரி அரிசி களைந்தாள், களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். ஐசக் மெயின் போர்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒவ்வொரு பைக் போகும்போதும் பிரிஸ்கில்லா எழுந்து, போன பிறகு உட்கார்ந்தாள். தௌசீப் கடை சாத்தும் நேரம் தாண்டியது. போய்வரும் நேரமும் தாண்டியது. கூப்பிடலாம். கூப்பிட்டால் பின்னணியில் என்ன சத்தம் கேட்கும் என்ற பயத்தில் கூப்பிடவில்லை.

ஒரு பைக் நின்றது.

அவன் படியேறும் முன்பே போய் நின்றாள். பென்டிரைவ் அவன் சட்டைப் பையில் இருந்தது. தானே எடுப்பது மாதிரி கிட்டே குனிந்தாள். கம்பெனி ஆயில் வாசனை, வேர்வை, கொஞ்சம் பெட்ரோல். வேறு ஒன்றும் இல்லை.

"இன்னா, ஊதிக் காட்டட்டுமா?" என்றான் ஆல்வின்.

அவளுக்கு முகம் சிவந்தது. "லேட்டாயிட்ச்சேன்னு..."

"முத்துவேல் கைய புடிச்சி இய்த்துட்டான். பென்டிரைவ காட்டி, வூட்ல ஒருத்தர் மயக்கமா கீறாரு, மருந்து எடுத்துக்கினு போறேன்னேன். யாருன்னு கேட்டான். உன்னாண்ட சொன்னா புரியாதுன்னு வந்துட்டேன்."

பெட்டி மருந்தைக் குடித்தது. கோடு மறுபடியும் முதலிலிருந்து ஊர்ந்தது. அது ஏறி முடிந்ததும் கிரிக்கெட் டிஸ்க் தன் பங்குக்கு ஒரு பெரிய அப்டேட் கேட்டது. பிரிஸ்கில்லா போனில் அன்றைய டேட்டா தீர்ந்துபோயிருந்தது. ஆல்வின் போன் துணிப்பைக்குள் போய் ஜன்னலில் தொங்கியது.

ஆல்வின் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சாவி எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. "பாரு பிரிசு, பத்து ஆயிட்ச்சு. பதினொன்னு. ஏ, ஏ, நிக்குது. இல்ல, போவுது." ஒரு பந்துகூட இன்னும் போடவில்லை. அவன் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தான்.

ஐசக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது. சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டார். "கர்த்தர் செஞ்ச நன்மைய மறக்கக் கூடாது. ஒரு சின்ன ஸ்தோத்திர ஜெபம்." எழுந்தார். கால்கள் பழக்கத்தில் மெயின் போர்டு பக்கம் போயின. கை தானாக உயர்ந்தது.

"நைனா!" "மாமா!" "யோவ்!"

மூன்று குரலில் கை அந்தரத்தில் நின்றது. அதைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதுவது போல முடித்துக்கொண்டார். சரித்திரத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் ஃபேன் சுற்ற, ஃப்ரிட்ஜ் உறுமத் தலைகள் குனிந்தன. ஐசக் ஃபேனைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஜப்பான் சகோதரர்கள் வரைக்கும் வந்திருப்பார். ஜன்னலில் பை அலறியது. யார் என்று பார்க்கத் தேவையில்லை. ஜெபம் திக்கி நின்றது.

"நீ பாட்டுக்கு ஜெபம் பண்ணு நைனா" என்றான் ஆல்வின், திறந்த கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "எடுத்தா நெட்டு பூடும்."

பை அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. திரும்பவும் ஓய்ந்தது.

பிரிஸ்கில்லாவும் கண்ணை மூடவில்லை. புருஷனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐசக் லாரி டிரைவரைத் தாண்டி மாவட்ட அதிகாரிகளை நெருங்கும்போதே அவள், "ஆமென்" என்றாள்.